ஆடிக் காற்றில் செஸ்னா: வீச்சுக் காற்றில் சிறு விமானத்தை இறக்க ஒரு முழு வழிகாட்டி

பயிற்சிப் பள்ளி ஹாங்கர்களில் (விமானக் கொட்டகைகளில்) என்றாவது ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு செஸ்னா 172, புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் வெயிலில் காய்ந்த வாழை இலைபோலச் சுருண்டிருக்கும். முன்சக்கரத்தின் கால் மடங்கியிருக்கும். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கும். ஓட்டி வந்தவர் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருப்பார், உடம்பில் ஒரு கீறல் இருக்காது. கேட்டால், "காத்து சார்" என்பார்.

காற்றுதான், மறுக்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, வெறும் எடை முக்கால் டன் மட்டுமே உள்ள ஒரு விமானம் எம்மாத்திரம்? ஆனால் அதே நாளில், அதே ஓடுபாதையில், அதே ரக விமானத்தை இன்னொருவர் இறக்கிவிட்டுப் போயிருப்பார். இந்த விபத்துகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தோன்றுவது, காற்று பாதிக் காரணம்தான். மீதி இரண்டு இடங்களில் இருக்கிறது: இறங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம், சக்கரம் தரையைத் தொட்டதும் கை தளர்ந்துபோவது. சிறு விமான விபத்துகளில் தரையிறங்கும்போது நடப்பவைதான் அதிகம். பெரும்பாலும் உயிர் போவதில்லை. அதனாலேயே பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

கீழே வரும் எண்கள் செஸ்னா 172-க்கானவை, ஏனென்றால் நம்மில் பலர் கற்றுக்கொள்வது அதில்தான். உங்கள் விமானத்தின் கையேடும் உங்கள் பயிற்சியாளரும் சொல்வதற்கு முன்னால் நான் எழுதியது செல்லாது.

படி 1: கிளம்பும் முன்பே காற்றைப் படியுங்கள்

பைலட்கள் 'கஸ்ட்' என்று சொல்வதை நான் 'வீச்சு' என்கிறேன். 15 நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) சீராக அடிக்கும் காற்று திடீரென்று 25-க்கு ஏறி, சில நொடிகளில் மீண்டும் இறங்குவது. வானிலை அறிக்கையான மெட்டாரில் காற்றின் வேகத்துக்குப் பின்னால் 'ஜி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வந்தால் அதுதான் வீச்சு. சர்வதேச விதிப்படி, சராசரியைவிட 10 நாட்டுக்குக் குறையாமல் எகிறினால்தான் அதை எழுதுவார்கள். ஆக, ஜி இல்லாத அறிக்கை வந்தால் காற்று பட்டுப்போல இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு நாட் வித்தியாசம் அறிக்கையில் வராது, உங்கள் இறக்கைக்கு மட்டும் தெரியும்.

நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் காற்று கீழே தூங்கிக்கொண்டிருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பும்போது, மேலே வேகமாக ஓடும் காற்று அதோடு கலந்து கீழே இறங்கும். வீச்சு தொடங்குவது அப்போதுதான். மாலையில் மறுபடி அடங்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களைக் காலை ஆறு மணிக்கே வரச் சொல்வது சும்மா இல்லை.

அப்புறம் இடம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர் பக்கம் வரும் காற்றையும், ஆரல்வாய்மொழியில் மலை இடுக்கில் பிதுங்கி வரும் காற்றையும் நமக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மலை இடுக்கு இருந்தாலே அதன் வாயில் காற்று முரட்டுத்தனம் காட்டும். அதே வேலையைச் சின்ன அளவில் ஹாங்கரும் மரவரிசையும் செய்கின்றன. ஓடுபாதைக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் இருந்தால், அதன் பின்னால் காற்று சுழலும். நீங்கள் தரையைத் தொடப்போகிற இடம் அந்தச் சுழலுக்குள் விழுகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

இடிமேகம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மழை இன்னும் தொலைவில்தானே இருக்கிறது என்று தோன்றும். அதன் காற்று இருபது கிலோமீட்டர் முன்னாலேயே வந்து நிற்கும். அந்த நாளில் போகாதீர்கள்.

படி 2: கணக்கைப் போடுங்கள்

ஓர் உதாரணம். ஓடுபாதை 23, அதாவது 230 பாகை. காற்று 270 பாகையிலிருந்து 15 நாட், வீச்சு 25. இரண்டுக்கும் இடையே 40 பாகை. 40-இன் சைன் மதிப்பு 0.64. சராசரியில் குறுக்குக் காற்று சுமார் 10 நாட், வீச்சில் 16 நாட். பலர் 15-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, "பத்துதானே" என்று கிளம்பிவிடுவார்கள். தரையைத் தொடும் நொடியில் எது வரும் என்று தெரியாததால், கணக்கை எப்போதும் வீச்சு எண்ணை வைத்தே போடுங்கள்.

காக்பிட்டில் சைன் அட்டவணையைத் தேட முடியாது. அதற்குக் கடிகாரக் கணக்கு இருக்கிறது: 15 பாகை என்றால் காற்றில் கால் பங்கு, 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுவதும் குறுக்குக் காற்று. மணியின் நிமிடமுள்ளை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு சின்ன விஷயம். மெட்டாரில் வரும் திசை உண்மை வடக்கை வைத்தது; டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொல்வதும் ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கை வைத்தவை. தென்னிந்தியாவில் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான், கண்டுகொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அது பத்துக்கு மேல்.

படி 3: உங்கள் எல்லையைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள்

செஸ்னா 172-இன் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு 15 நாட் என்று ஓர் எண் இருக்கும். அது சட்ட எல்லை இல்லை. சான்று வாங்கும் சோதனைகளில் இறக்கிக் காட்டப்பட்ட காற்று, அவ்வளவுதான். இதை வைத்து "அப்படியானால் 20-இலும் இறக்கலாம்" என்று வாதாடுபவர்களைக் கேண்டீனில் நிறையப் பார்த்திருக்கிறேன். இறக்கிக் காட்டியவர் சோதனை விமானி, ஐயா. நீங்கள் இதுவரை பறந்தது நாற்பது மணி நேரம்தான் என்றால் உங்கள் எண் ஏழோ எட்டோதான். கடைசியாகப் பயிற்சியாளரோடு எந்தக் காற்றில் நன்றாக இறக்கினீர்களோ, அது. ஆறு மாதம் பறக்காமல் இருந்தால் அந்த எண்ணும் குறையும்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிட்டது. டிரைவர் எத்தனை வருட அனுபவசாலி, வண்டியில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அந்தச் சிக்னல் கேட்டதில்லை. உங்கள் எண்ணையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் எழுதித் தொடையில் கட்டும் அட்டையில் செருகுங்கள்: அதிகபட்சக் குறுக்குக் காற்று, அதிகபட்ச வீச்சு வித்தியாசம், எத்தனை முயற்சிக்குப் பிறகு வேறு இடம் போவது. என்னுடையது இரண்டு முயற்சி.

மாற்று ஓடுபாதையையும் எழுதுங்கள். 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் புயல் காற்றில் ஓர் ஏர்பஸ் ஏ320 ஓடுபாதை 23-இல் இறங்கப் பார்த்தது. இறக்கை நுனி தரையில் உரசியது. விமானிகள் உடனே எழும்பி, காற்றுக்கு இன்னும் நேராக இருந்த 33-இல் இறங்கினார்கள். யாருக்கும் காயம் இல்லை. அந்த 33 முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. நேரான ஓடுபாதையைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம், பத்து நிமிடம் தாமதமானாலும் சரி. எரிபொருள் குறைவாக இருந்தால் மட்டும் இந்தத் தேர்வு உங்களிடம் இருக்காது. வீச்சுள்ள நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் கூடுதலாகப் போடுவது என் பழக்கம்.

படி 4: வேகமும் ஃபிளாப்பும்

விதி எளிது: வீச்சு வித்தியாசத்தில் பாதியை வழக்கமான வேகத்தோடு சேருங்கள். நம் உதாரணத்தில் 25-இல் 15 போனால் 10, அதில் பாதி 5. வழக்கமாக 65 நாட்டில் வந்தால் இன்று 70.

ஏன் என்று பார்ப்போம். வீச்சில் உங்களுக்கு எதிர்காற்று சுமார் 19 நாட். அது ஓய்ந்து 15 நாட் சராசரிக்குத் திரும்பினால் எதிர்காற்று 11, 12-தான். விமானத்தின் கனம் சட்டென்று வேகம் மாற விடாது. காற்று போனதும் வேகமானி ஏழெட்டு நாட் கீழே குதிக்கும். 65-இல் வந்தவர் 57-க்குப் போவார், 70-இல் வந்தவர் 62-க்கு. தரைக்கு இருபது அடி மேலே அந்த ஐந்து நாட் பெரிய சொத்து.

ஆனால் சொத்து அதிகமானாலும் தொல்லை. "காற்று அடிக்குது, பத்து நாட் கூட வைப்போம், அதற்கு மேலே இன்னும் ஐந்து, மனசுக்கு நிம்மதி" என்று 80-இல் வருபவர்கள் உண்டு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறும். 65-க்குப் பதில் 75 என்றாலே மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும், மிதக்கும் ஒவ்வொரு நொடியும் அடுத்த வீச்சுக்கு ஒரு வாய்ப்பு. பொறுக்காமல் முன்பக்கம் அழுத்தினால் முன்சக்கரம் முதலில் தொடும். பின்சக்கரங்களில் பாரம் இல்லாமல், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிபோல விமானம் முன்சக்கரத்திலேயே ஓடும். அப்புறம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

ஃபிளாப் (மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) பற்றி ஆளுக்கொரு கருத்து. செஸ்னாவின் கையேடு, குறுக்குக் காற்றில் ஓடுபாதையின் நீளத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஃபிளாப் போதும் என்கிறது. நீளமான ஓடுபாதையில் நான் 20 பாகையோடு நிறுத்திக்கொள்வேன். தரையில் காற்று தூக்குவதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடி கிடைக்கும், இறங்காமல் மறுபடி எழும்ப வேண்டி வந்தாலும் வேலை குறைவு.

படி 5: ஃபைனலில்

காவிரியில் பரிசல் ஓட்டுபவர் எதிர்க்கரைப் படித்துறைக்குப் போக, அதற்கு நேராகத் துழாவ மாட்டார். சற்று மேல்பக்கம் பார்த்துத்தான் துழாவுவார். ஆறு அவரைப் படித்துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி வருவதும் அதுதான். நண்டு நடை என்பார்கள். ஆனால் அப்படியே தரையைத் தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் தேயும், லேண்டிங் கியர் முறுக்கும். தொடும் முன் மூக்கை நேராக்க வேண்டும். காற்று வரும் பக்க இறக்கையை எய்லரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடரை (மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் தகடு, காலால் இயக்குவது) மிதித்து, மூக்கு மையக்கோட்டோடு நேராக இருக்கும்படி பிடித்துவர வேண்டும்.

கற்றுக்கொள்பவர்கள் கடைசி நொடியில் நண்டு நடையிலிருந்து மாறாமல், தரைக்கு 200 அடி மேலேயே தாழ்ந்த இறக்கைக்கு வந்துவிடுவது நல்லது. அதில் ஓர் இலவசச் சோதனையும் இருக்கிறது: ரடரை முழுவதும் மிதித்தும் மூக்கு நேராக நிற்கவில்லையா? இந்த ஓடுபாதைக்கு இன்றைய காற்று அதிகம். அட்டவணை, அனுபவம், பக்கத்தில் இருப்பவர் கருத்து எதுவும் வேண்டாம். காலே சொல்லிவிட்டது. எழும்புங்கள்.

500 அடியில் ஒரு கேள்வி: வேகம் சரியா, மையக்கோட்டில் இருக்கிறேனா, இறக்கம் சீராக இருக்கிறதா? ஏதாவது ஒன்று இல்லை என்றால் அங்கிருந்தே எழும்புங்கள். வேகமானி முள் ஐந்து நாட் மேலும் கீழும் ஆடும், அதைத் துரத்தாதீர்கள், சராசரியைப் பாருங்கள். ஓடுபாதையோரம் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை மீதும் ஒரு கண். அமெரிக்கத் தரத்தில் செய்யப்பட்ட பை 15 நாட்டிலேயே முழுதாக நிமிர்ந்துவிடும், அதற்கு மேல் இருபதா முப்பதா என்று அது சொல்லாது. அது தொங்கி, சட்டென்று விறைத்து, பக்கம் மாறி ஆடுகிறதா என்று பாருங்கள்.

படி 6: தொடுவதும் துள்ளுவதும்

த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஒரே மூச்சில் இழுத்து மூடாதீர்கள். வழக்கமான நாளில் ஓடுபாதை நுனியிலேயே மூடலாம். வீச்சுள்ள நாளில் கொஞ்சம் பவர் பிடித்து, ஃபிளேர் (தொடும் முன் மூக்கை மெல்ல உயர்த்துவது) முடியும்போது மெல்ல எடுங்கள். காற்று வரும் பக்கத்துப் பின்சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, கடைசியில் முன்சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் தொட்டுவிட்டோமே என்று புதியவர்கள் பதறி இறக்கையை நேராக்குவார்கள். பதற வேண்டாம், அதுதான் சரி.

என் கதையைச் சொல்கிறேன். முப்பத்தைந்தாவது மணி நேரமோ என்னவோ. பிற்பகல், 12 நாட் காற்று, நடுநடுவே 20. ஃபிளேரில் ஒரு வீச்சு வந்து விமானத்தைத் தூக்கியது, ஓய்ந்தது, 'தொப்'பென்று விழுந்தோம், துள்ளினோம். மூக்கு மேலே போகிறதே என்று முன்னே தள்ளினேன். முன்சக்கரம் மோதி மறுபடி துள்ளியது, முன்னைவிட உயரமாக. நான் இன்னும் கொஞ்சம் தள்ளத் தயாரானபோது பக்கத்து இருக்கையிலிருந்து "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று பயிற்சியாளரின் குரல், முழு த்ராட்டில், எழும்பிவிட்டோம். சுற்றி வரும்போது அவர் திட்டவில்லை. "தம்பி, மூணாவது துள்ளல் யாருக்கும் கிடைக்கிறதில்ல. ரெண்டுலயே கிளம்பிடணும்" என்றார்.

அதுதான் விஷயம். துள்ளலைத் துரத்தினால், விமானம் மேலே போகும்போது நீங்கள் தள்ளி, அது கீழே வரும்போது உங்கள் தள்ளல் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் வேகம் கூடும். முன்சக்கரம் மடங்குவதும் புரொப்பெல்லர் சுருளுவதும் பெரும்பாலும் இங்கேதான். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, சிறிது பவர் கொடுத்து மறுபடி மெல்ல இறக்கலாம். பெரிய துள்ளல் என்றாலோ, இரண்டாவது என்றாலோ, யோசிக்காமல் முழு த்ராட்டில். பெரிய விமானத்துக்கும் இதே விதிதான்: 2009 மார்ச் 23 அன்று டோக்கியோவின் நரிதாவில் வீச்சுக் காற்றில் இறங்கிய ஃபெடெக்ஸ் எம்டி-11 சரக்கு விமானம் துள்ளித் துள்ளிக் கவிழ்ந்து எரிந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

படி 7: தொட்ட பிறகும் ஓட்டுங்கள்

இதை நான் வேண்டுமென்றே நீட்டப்போகிறேன், ஏனென்றால் அதிக விமானங்கள் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போவது இந்தப் பத்து நொடிகளில்தான்.

மூன்று சக்கரமும் தொட்டாயிற்று. பயணி கை தட்டுகிறார். நீங்கள் மூச்சை விடுகிறீர்கள், மூச்சோடு சேர்ந்து எய்லரானைப் பிடித்த கையும் நடுவுக்கு வருகிறது. இப்போது வேகம் 45 நாட். இறக்கை இன்னும் பாதி பறந்துகொண்டிருக்கிறது. காற்று வரும் பக்கத்திலிருந்து ஒரு வீச்சு. அந்த இறக்கை எழுகிறது, அந்தப் பக்கச் சக்கரத்தில் பாரம் போய்விடுகிறது. பின்னால் நிற்கும் வால் துடுப்பைக் காற்று தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது, கூரைமேல் இருக்கும் காற்றுத்திசைச் சேவல்போல. நீங்கள் எதிர் ரடரை ஓங்கி மிதிக்கிறீர்கள், அதே நொடியில் வீச்சு ஓய்கிறது. விமானம் மறுபக்கம் பாய்கிறது. அடுத்தது புல், வடிகால், மடங்கிய கால்.

வேகம் குறையக் குறைய எய்லரானின் பிடியும் குறையும். ஆகவே தொட்ட பிறகு எய்லரானைக் காற்றின் பக்கம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடை வேகத்துக்கு வரும்போது அது முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். ரடர் சின்னச் சின்ன மிதிகளாக. பிரேக்கை, பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகு மட்டும், இரண்டு காலாலும் சமமாக. ஃபிளாப்பை உடனே எடுத்தால் பாரம் சீக்கிரம் இறங்கும் என்பது உண்மை, ஆனால் அதற்காகக் கண்ணையும் கையையும் உள்ளே கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது. நேராக ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

வால்சக்கர விமானம் என்றால் இன்னும் கறார். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திரும்ப ஆரம்பித்தால் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். ஒரே சுற்றில் இறக்கை தரையைத் தொடும்.

படி 8: எழும்பிப் போவது

வரிசைப்படி இது முன்னால் வந்திருக்க வேண்டும். தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 'சந்தேகம் வந்தால் கோ-அரவுண்ட்' (இறங்காமல் எழும்பிச் சுற்றி வருவது) என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலேயே உயிர் போன கதையும் இருக்கிறது.

2016 ஜூன் 9, ஹூஸ்டனின் ஹாபி விமான நிலையம். ஓக்லஹோமாவிலிருந்து மூன்று பேரோடு ஒரு சிரஸ் எஸ்ஆர்20 வந்தது. காற்று கிழக்கிலிருந்து 13 நாட், வீச்சு 18 வரை. புயல் ஒன்றும் இல்லை. முதலில் ஓடுபாதை 4-க்கு வந்தபோது, பின்னால் வேகமாக ஒரு போயிங் 737 நெருங்கியதால் டவர் விலகச் சொன்னது. பிறகு ஓடுபாதை 35 கொடுத்தார்கள். கிழக்குக் காற்றுக்கு அது கிட்டத்தட்ட முழுக் குறுக்கு. உயரம் அதிகமாகி எழும்பினார்கள், மறுபடி வந்தார்கள், மறுபடி அதிகம். மூன்றாவது முறை எழும்பும்போது, போதிய வேகம் வரும் முன்பே ஃபிளாப் மேலே போய்விட்டது. விமானம் ஸ்டாலாகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, சுழன்று ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பாதுகாப்பான வேகம் வரும் முன் ஃபிளாப்பை எடுத்ததையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. கட்டுப்பாட்டு அறை அந்தச் சிறு விமானத்தைச் சுற்றிலேயே வைத்திருந்ததையும், நெருக்கடியான நேரத்தில் தேவையில்லாமல் சிக்கலான கட்டளை கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னது.

எழும்பும் வரிசை இதுதான். முழு த்ராட்டில், கார்புரேட்டர் ஹீட் (அதில் பனி பிடிக்காமல் தடுக்கும் சூடு) போட்டிருந்தால் அதையும் உள்ளே தள்ளுங்கள். ஃபைனலுக்கு ட்ரிம் செய்திருப்பதால் (கை அழுத்தாமலே மூக்கு அந்த நிலையில் நிற்கும்படி வைத்திருப்பதால்) மூக்கு முரட்டுத்தனமாக எழும், முன்னே அழுத்திப் பிடியுங்கள், நினைத்ததைவிட அதிகம் அழுத்த வேண்டியிருக்கும். இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர். முழு ஃபிளாப் போட்டிருந்தால் 20-க்கு மட்டும் கொண்டுவாருங்கள். 55-60 நாட் வந்து, விமானம் ஏறுகிறது என்று உறுதியான பிறகு பத்து, அப்புறம் பூஜ்யம். ரேடியோ எல்லாவற்றுக்கும் கடைசி. டவர் நடுவில் ஏதாவது கேட்டால் காத்திருக்கட்டும். செய்ய முடியாததைச் சொன்னால் 'அன்ஏபிள்' என்ற ஒரே சொல் போதும், விளக்கம் வேண்டாம்.

இதை மாதம் ஒருமுறையாவது, 3,000 அடியில், தரை அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை செய்பவரின் கை தேவையான நேரத்தில் ஃபிளாப் லீவரை முழுவதும் தள்ளிவிடும்.

படி 9: டாக்ஸியும் கயிறும்

ஓடுபாதையை விட்டு வெளியே வந்து தரையில் ஓட்டிப் போகும்போதும் (டாக்ஸி என்பது இதுதான்) செஸ்னா போன்ற உயர் இறக்கை விமானத்தைக் காற்று குப்புறத் தள்ளலாம். காற்று முன்பக்கவாட்டிலிருந்து வந்தால் எய்லரானை அதன் பக்கம் திருப்புங்கள், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) நடுவில். பின்பக்கவாட்டிலிருந்து வந்தால் எய்லரானை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி, எலிவேட்டரை முன்னே தள்ளுங்கள். பின்பக்கவாட்டுக் காற்றுதான் ஆபத்தானது, திரும்பும்போது மெதுவாக.

நிறுத்தும் இடத்தில் மூக்கு காற்றைப் பார்க்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை, கன்ட்ரோல் லாக் (எய்லரானும் எலிவேட்டரும் ஆடாமல் பிடிக்கும் பூட்டு), இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் கயிறு. மூன்று கயிற்றையும் கட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டீயை அதற்கப்புறம் குடிக்கலாம்.